சிவப்புக் கச்சை

அத்தியாயம் 17

“மூச்ச உள்ள இழு. இன்னும். ம், அப்படியே புடிச்சுக்க.”

மாமியார் கிரசியேலா வயிற்றுப் பெல்ட்டை இழுத்த இழுப்பில் அசுசேனாவின் முதுகு டிரெய்லர் சுவரில் போய் இடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெட்டைக் குதிரை மிரண்டு காலை உதைத்தது. மணி ஒன்பதுதான். அதற்குள் தகரக் கூரை காய்ந்துபோய், உள்ளே சாணமும் வியர்வையும் தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் கலந்து குமட்டியது.

“வலிக்குது அத்தை.”

“வலிக்கட்டும். ஒரு வருஷமா உன்னால எனக்குத் தலைவலி. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?”

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அசுசேனா போன வாரம் மாமியார் கையில் கொடுத்ததும், அந்த மகராசி அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுப்பில் போட்டதும், அதே தீயில் நிதானமாகச் சோள ரொட்டி சுட்டு எடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சீட்டு சாம்பலாகிவிட்டது. ஆனால் டாக்டர் பெர்முடெஸ் வாயால் சொன்னது அசுசேனாவின் காதில் அப்படியே இருந்தது.

“தோலு ஒட்டிடுச்சும்மா. அடியில இருக்கற சுவர்தான் ஒட்டல. அந்தச் சந்து வழியா குடல் வெளிய வருது. வலை வச்சுத் தைக்கணும். அதுவரைக்கும் குதிரைப் பக்கமே போகாத, கனமா எதையும் தூக்காத. புடைப்பு கல்லாட்டம் ஆகி, தள்ளினாலும் உள்ள போகாம, வாந்தியும் வந்துச்சுன்னா, ஆறு மணி நேரத்துக்குள்ள நீ என் ஆபரேஷன் மேஜையில இருக்கணும். அதுக்கு மேல ஆனா குடல் செத்துப் போகும். அப்புறம் என்னைக் கேக்காத.”

பதினான்கு மாதத்துக்கு முன்னால் மகள் ரெனாத்தா வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அவசர அவசரமாகத் தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு வெட்டு வெட்டி அவளை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. அந்த வெட்டு நடந்த இடத்தில் மூன்றாம் மாதம் இருமும்போது எலுமிச்சம்பழம் அளவு ஒன்று எட்டிப் பார்த்தது. இப்போது நின்றாலே ஆரஞ்சுப்பழம் அளவுக்குத் தள்ளுகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது.

இன்றைக்கு மாநில இறுதிப் போட்டி. நீளப் பாவாடை கட்டி, ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, எட்டுப் பெண்கள் எட்டுக் குதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி ஓட்ட வேண்டும். ஏழு பேர் என்றால் களத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். மாற்று ஆளாக இருந்த பிலார் ஈஸ்டருக்கு முன்னால் தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். பதினோரு வருடமாகக் கிரசியேலா பழக்கும் குழு, ஒரு தடவைகூடத் தேசியப் போட்டிக்குப் போனதில்லை.

“படு,” என்று கிரசியேலா பெல்ட்டை மறுபடி தளர்த்தினாள். “கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கு. முட்டிய மடக்கு. மூச்ச முழுசா வெளிய விடு. இப்ப விரலால சுத்திச் சுத்தி உள்ள அனுப்பு. நேரா குத்தாத, மடச்சி! சுத்தி அனுப்பு.”

புடைப்பு மெல்லக் கொடகொடத்து உள்ளே போனது. டாக்டரும் அச்சு அசலாக இப்படித்தான் செய்தார்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“முப்பது வருஷமா குதிரைக்கு வைத்தியம் பாக்கறேன். உன் வயிறு என்ன பெரிய அதிசயமா?”

மறுபடி இறுக்கிய பெல்ட்டின் மேல் உள்பாவாடை, அதன் மேல் கஞ்சி போட்ட வெள்ளைப் பாவாடை, அதன் மேல் குழுவின் சிவப்புக் கச்சை. மாமியாரும் அதே சிவப்புக் கச்சையை இரண்டு சுற்றாக இடுப்பில் கட்டியிருந்தாள். இருபது வருடமாகக் கச்சையில்லாத கிரசியேலாவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு அவள் முகம் வெளிறிக் கிடந்தது. காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட உள்ளே போகவில்லை. போட்டி நாளென்றால் அவள் அப்படித்தான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அசுசேனாவின் சேணம் ஏற்கெனவே டிரெய்லரில் ஏறியிருந்தது. பதினெட்டுக் கிலோ. ரமிரோதான் விடியற்காலையில் ஏற்றியிருப்பான், அந்த மட்டுக்காவது புருஷன் உதவினானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் புருஷன் வாசலில் வந்து நின்றான். வெள்ளிப் பொத்தான் வைத்த கால்சட்டை, அகலத் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில். பார்க்க நன்றாகத்தான் இருந்தான்.

“நாலு நிமிஷம்தானே அசு. திங்கக்கிழமை நானே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்ன.”

“ஈஸ்டருக்கு மாடு வாங்கப் போயிட்டேன்.”

“மாட்டுக்கு வயிறு வீங்கினா பத்து நிமிஷத்துல டாக்டரோட நிக்கற. எனக்குத் திங்கக்கிழமையா?”

ரமிரோ தன் அம்மாவைப் பார்த்தான். இவன் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அம்மாவைப் பார்த்துப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

“அம்மாவ எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திடாத,” என்று முணுமுணுத்தான். “அவங்களுக்குன்னு இருக்கறது இந்தக் குழு ஒண்ணுதான். முழங்கால் போனப்பறம் அவங்க ஏறவே இல்ல. உனக்கே தெரியும்.”

“போடா, போய் உன் குதிரையைப் பாரு,” என்று கிரசியேலாவே அவனைத் துரத்தினாள். மருமகள் பக்கம் திரும்பி, “நீ அழுது மூஞ்சியக் கெடுத்துக்காத. மை ஓடிச்சுன்னா நடுவர் ஒரு புள்ளி குறைப்பா,” என்றாள்.

களத்துக்கு வெளியே எட்டுப் பேரும் குதிரைகளைச் சூடேற்றினார்கள். முன்னால் நிடியா. ரமிரோவின் தங்கை, இருபத்திரண்டு வயது, கிரசியேலாவின் கடைக்குட்டி. அண்ணியை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

“அண்ணி, இன்னைக்காவது கோடு தப்பாம வாங்க. போன தடவை மூட்டை ஏத்தின மாதிரி வந்தீங்க.”

அசுசேனா குதிரையைப் பாய்ச்சலில் விட்டு, கோட்டில் சட்டென்று நிறுத்தினாள். நிறுத்திய அந்த நொடியில் பெல்ட்டுக்கு அடியில் ஏதோ வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. வேலியோரமாக ஒதுங்கி, முட்டியை மடக்கி, மூச்சை விட்டு, கச்சைக்கு மேலாகவே அழுத்தினாள். போகவில்லை. கன்னி மேரியைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினாள். தன் அம்மா வீட்டில் விட்டுவந்த ரெனாத்தாவுக்கு இன்னும் சரியாக நடக்கக்கூட வரவில்லையே என்றுதான் அப்போது தோன்றியது. மூன்றாவது தடவை உள்ளே போனது.

அடுத்த தடவை போகுமா என்று யார் சொல்வது?

ஒலிபெருக்கியில் குழுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். உடை பரிசோதனை. எட்டுப் பேரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். நடுவரம்மா கறாரான ஆள். பூட்ஸ் நுனியிலிருந்து தலை ரிப்பன்வரை பார்ப்பாள், உள்பாவாடை ஒரு விரல் தெரிந்தாலும் எழுதிவிடுவாள். ஏழு பேரைத் தாண்டி அசுசேனாவிடம் வந்து நின்றாள்.

“உன் கச்சை மத்தவங்கள விட மேல ஏறியிருக்கு. கோணலாவும் இருக்கு. அவிழ்த்துச் சரியா கட்டு. ஒரு நிமிஷம் தரேன்.”

அசுசேனா முடிச்சை அவிழ்த்தாள். ஆறடித் துணி கையில் வந்தது. எதிரே கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்று, “கீழ இறக்கிக் கட்டு! கீழ!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சைகை காட்டினாள்.

அவள் கட்டவில்லை.

“நான் ஏறல,” என்றாள்.

“என்னது?” என்றாள் நடுவர்.

“எனக்கு ஹெர்னியா இருக்கு. சிசேரியன் தழும்புல. ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் ஏறல.”

கைப்பிடிக் கம்பியை எப்படித் தாண்டினாளோ, கிரசியேலா வந்து நின்றாள். கச்சையைப் பிடுங்கி மருமகள் இடுப்பில் அவளே சுற்ற ஆரம்பித்தாள். “ஒண்ணுமில்லம்மா, பயந்தாங்கொள்ளி, போட்டி பயம்,” என்று நடுவரிடம் இளித்தாள். அசுசேனா துணியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பெண்களும் எல்லார் முன்னாலும் ஒரு துணிக்கு மல்லுக்கட்டினார்கள்.

“விடுங்க அத்தை!”

“ஊர்ல ஒருத்தியும் புள்ள பெத்ததில்லையா? உனக்கு மட்டும் வயித்துல தங்கத் தழும்பா?”

“நாப்பத்தொண்ணாவது நாள்!” என்று அசுசேனா கத்தினாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. “நாப்பது நாள் என்னைப் படுக்கையில போட்டு, பச்சைத் தண்ணி தொடாத, பீன்ஸ் சாப்பிடாத, கோழி சூப்பு குடின்னு பொத்திப் பொத்தி வச்சீங்க. நாப்பத்தொண்ணாவது நாள் காலையில குதிரையில ஏத்தினீங்க. ‘நாப்பது நாள் முடிஞ்சா உடம்பு மூடிக்கும்’னு சொன்னீங்க. மூடலையே அத்தை! கத்தி போட்ட வயிறு உங்க நாப்பது நாள் கணக்க எங்க கேட்டுச்சு?”

கிரசியேலாவின் வாய் திறந்து அப்படியே நின்றது. ஒரு கணம்தான். பிறகு கச்சையை மண்ணில் எறிந்தாள்.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத.”

நடுவர் தாளில் ஒரு கோடு போட்டாள். ஏழு பேர். குழு நீக்கம். ஒலிபெருக்கி அடுத்த குழுவின் பெயரைச் சொன்னது, இசைக்குழு அவர்களுக்கு வாசிக்கத் தொடங்கியது. நிடியா தொப்பியைக் கழற்றி அண்ணியின் காலடியில் வீசினாள்.

“பதினோரு வருஷம்! எங்க அம்மாவோட பதினோரு வருஷத்த ஒரு நிமிஷத்துல தின்னுட்டீங்க. திருப்திதானே?”

பயமாகவும் அவமானமாகவும் இருந்தது. ஆனால் வயிறு தன்னுடையதாகவே இருக்கிறது என்ற நிம்மதியும் கூடவே இருந்தது, அதை அசுசேனா மறைக்கப்போவதில்லை. துணியைப் பொறுக்கிக்கொண்டு டிரெய்லருக்கு நடந்தாள்.

அங்கே அவளுடைய சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே பறந்துகொண்டிருந்தன. பை. செருப்பு. ரெனாத்தாவின் பால் புட்டி. கிரசியேலா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே எறிந்தாள்.

“சோம்பேறி! நன்றிகெட்டவ! உங்க அம்மா வீட்டுல ஒரு கழுதை உண்டா? உன்னைச் சேணத்துல உக்கார வச்சவ நான்! இந்தா, எடுத்துட்டுப் போ, இதையும் எடுத்துட்டுப் போ!”

பதினெட்டுக் கிலோ சேணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாசலுக்கு வெளியே விட்டெறிந்தாள். அது புழுதியில் விழுந்தது.

அடுத்த வசவுக்காக அசுசேனா காத்து நின்றாள். வரவில்லை.

கிரசியேலா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சக்கரத்தோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். பச்சையாக, கசப்பு நீர் மட்டும். அப்படியே மண்ணில் உட்கார்ந்து சாய்ந்தாள்.

“அம்மா!” நிடியா ஓடி வந்தாள். “பாத்தீங்களா அண்ணி, எங்க அம்மாவக் கொன்னுட்டீங்க! வெயிலும் வயித்தெரிச்சலும்... அம்மா, வெறும் வயித்துல இருக்கீங்கல்ல, அஜீரணமா இருக்கும். வயிறு நீவிவிடற கிழவி அந்த பிர்ரியா ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் நிக்கறா, நான் போய்க் கூட்டிட்டு வரேன். நல்லா அழுத்தி நீவினா சரியாயிடும்.”

அசுசேனா மாமியாரின் கையைப் பார்த்தாள். அந்தக் கை கச்சைக்குள் போயிருந்தது. முட்டி இரண்டும் மடங்கியிருந்தன. உதட்டைக் குவித்து மூச்சை முழுசாக வெளியே விட்டாள், விட்டுவிட்டு விரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். மறுபடி மூச்சு. மறுபடி அழுத்தல்.

இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அசுசேனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நிடியா, நில்லு! யாரும் நீவக்கூடாது. யாரும் வயித்தத் தொடக்கூடாது.” அவள் மண்டியிட்டாள். “அத்தை, கைய எடுங்க. நான் பாக்கணும்.”

“தொடாதடி! உன் கை என் மேல படக்கூடாது!”

“திட்டுங்க. திட்டிக்கிட்டே கைய எடுங்க.”

கிரசியேலா அவள் மணிக்கட்டில் நகத்தால் கீறினாள். அசுசேனா விடவில்லை. கச்சையின் இரண்டு சுற்றையும் அவிழ்த்தாள். உள்ளே பெல்ட். தையல் விட்டு, ஒட்டுப்போட்டு, நிறம் போன பெல்ட். அதன் கொக்கியைத் தட்டியதும், தொப்புளுக்குக் கீழே ஒரு பழைய தழும்பும் அதன் ஓரத்தில் ஒரு குழந்தையின் தலையளவுப் புடைப்பும் வெளியே வந்தன. தோல் கருஞ்சிவப்பாக மின்னியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கல்.

நிடியா வாயைப் பொத்திக்கொண்டாள். “அம்மா... முழங்கால்னு சொன்னீங்களே?”

கிரசியேலா கண்ணைத் திறக்கவில்லை.

“எத்தனை வருஷமா இப்படி?” என்று கேட்டாள் அசுசேனா.

“நிடியாவுக்கு என்ன வயசு?”

நிடியாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

“நீங்களும் நாப்பத்தொண்ணாவது நாளா?” அசுசேனாவுக்குக் கோபம் கொதித்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கு நடந்தது தெரிஞ்சுமா என்னைக் குதிரையில ஏத்தினீங்க?”

“எனக்கு மட்டும்தான் அப்படி ஆச்சுன்னு நெனச்சேன்,” என்றாள் கிரசியேலா. “என் உடம்புதான் மட்டம்னு நெனச்சேன்.”

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம்தான். அதற்கு நேரமில்லை.

“ரமிரோ!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த டிரெய்லர்க்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். “டிரெய்லரக் கழட்டு! வண்டிய எடு! நிடியா, நீயும் அவனும் தூக்குங்க. நான் தூக்கக்கூடாது. முட்டிய நீட்ட விடாதீங்க. தண்ணி, டீ, எதுவும் குடுக்கக்கூடாது.”

“என்னாச்சு, என்னாச்சு?” என்று ரமிரோ உளறிக்கொண்டே வந்தான்.

“ஓட்டு. வாயை மூடிட்டு ஓட்டு.”

பின்சீட்டில் மாமியாரின் தலை மருமகள் மடியில். வேறு வழியில்லை, வைத்துத்தான் ஆக வேண்டும். முன்சீட்டில் நிடியா டாக்டர் பெர்முடெஸின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிடம். சாலையில் வழிநெடுகக் குதிரை ஏற்றிய டிரெய்லர்கள்.

“இதனால உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத,” என்றாள் கிரசியேலா பல்லுக்கிடையில்.

“நானும் மன்னிக்கல. மூச்ச மெதுவா விடுங்க.”

“ரமிரோகிட்ட சொல்லாத,” என்று முன்சீட்டுக்குக் கேட்காமல் முனகினாள். “பொம்பளை வியாதின்னு மட்டும் சொல்லு.”

“எல்லாத்தையும் சொல்லுவேன். நீங்க பொழைச்சதும் உக்கார வச்சுச் சொல்லுவேன்.”

வண்டி பள்ளத்தில் குதித்தது. கிரசியேலா அலறவில்லை. மருமகளின் பாவாடையைக் கையில் கசக்கிப் பிடித்தாள். கஞ்சி மடிப்பு நொறுங்கியது.

“அத்தை, இதுக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க. டாக்டர் முதல்ல இதைத்தான் கேப்பாங்க. வலி எப்ப ஆரம்பிச்சது? சேணத்தத் தூக்கி எறிஞ்சப்பவா?”

தலை மெல்ல இல்லை என்று ஆடியது.

“அப்ப எப்போ?”

“காலையில.”

“காலையில எப்போ? எனக்கு பெல்ட் கட்டினீங்களே, அப்பவா?”

“அதுக்கும் முன்னாடி.” உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. “நாலரை மணிக்கு. சேணம் ஏத்தறப்ப.”

“எந்தச் சேணம்? ரமிரோதானே ஏத்தினான்?”

“அவன் தூங்கிட்டிருந்தான்.” கிரசியேலா முதல்முறையாகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அப்போதும் எரிச்சல்தான் இருந்தது. “உன் சேணம்தான். நீ தூக்கக்கூடாதில்ல.”

அசுசேனா வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

டாக்டர் சொன்ன ஆறு மணி நேரம் பத்தரைக்கே முடிந்துவிட்டது. களத்துக்கு வெளியே இவள் தன் வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றிருந்த நேரம் அது.

“ரமிரோ,” என்றாள். குரல் உடைந்தது. “இன்னும் வேகமா.”